புர்ஜ் கலீஃபா உச்சிக்கு அம்மா அப்பாவை அழைத்துப் போவதற்கு முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஊரிலிருந்து யார் விசிட் விசாவில் துபாய்க்கு வந்தாலும், வந்த மூன்றாம் நாளே கேட்டுவிடுவார்கள்: "அந்தப் பெரிய கட்டடத்து மேல ஏற விடுவாங்களாப்பா?" விடுவார்கள். இணையத்தில் டிக்கெட் எடுப்பது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் எந்த மாடி, எந்த நாள், எத்தனை மணி என்ற மூன்றையும் யோசிக்காமல் எடுத்த டிக்கெட் பாதிக் காசை வீணாக்கிவிடும். நானே ஒருமுறை அப்படி வீணாக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அம்மா, அப்பா, மாமா, சித்தி குடும்பம் என்று பல முறை அழைத்துப் போய் எனக்குப் பிடிபட்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம் எப்படியும் கிடைத்துவிடும். நீங்கள் திட்டமிட வேண்டியது வெளிச்சத்தை.

எந்த மாடிக்கு எடுப்பது?

கட்டடத்தின் மொத்த உயரம் 828 மீட்டர். பார்வையாளர்கள் போகும் தளங்களில் பெரும்பாலோர் எடுப்பது 124, 125ஆம் மாடிகளுக்கான டிக்கெட். 124ஆம் மாடி தரையிலிருந்து 452 மீட்டர். இதைவிட விலை கூடிய டிக்கெட்டில் 148ஆம் மாடி வரை போகலாம். அது 555 மீட்டர். அதற்கும் மேலே லவுஞ்ச் ஒன்று இருக்கிறது. அது தேநீரும் சிற்றுண்டியுமாக உட்கார்ந்து பொழுதைக் கழிக்கிற இடம்.

148க்குப் போனால் அதிகமாகத் தெரியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு எளிது. 452 மீட்டரில் நிற்பவருக்குத் தொடுவானம் சுமார் 76 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 555 மீட்டரில் சுமார் 84 கிலோமீட்டர். கூடுதலாகக் கிடைப்பது 8 கிலோமீட்டர். துபாயின் தூசியும் ஈரப்பதமும் பெரும்பாலான நாட்களில் அந்த 76ஐயே முழுதாகக் காட்டுவதில்லை. மேலே போகப் போக கீழே இருக்கிற வீடும் காரும் சிறுத்துக்கொண்டே வேறு போகும். அதனால் வெறும் காட்சிக்கு என்றால் 124ஏ போதும் என்பேன்.

ஆனால் 148க்கான கூடுதல் பணம் வேறொரு விதத்தில் உதவும். அந்த டிக்கெட்டுக்குத் தனி வழி, கூட்டம் குறைவு, காத்திருக்கும்போது உட்கார இடம். முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கும், நின்றால் கால் வீங்குகிற மாமாவுக்கும் அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் கூட்டத்தில் அப்படி யாரும் இல்லையென்றால் 124, 125 எடுத்துவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல இடத்தில் சாப்பிடுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

துபாயில் வானம் தெளிவாக இருப்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதிலும் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். அன்றைக்கு காற்றில் தூசி அடங்கியிருக்கும். கிழக்கே ஹஜர் மலைத்தொடர் மங்கலான நீலக் கோடாகத் தெரிகிற நாட்கள் அவைதான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கடலே சாம்பல் பூசினாற்போல இருக்கும். கோடை விடுமுறையில்தான் ஊரிலிருந்து வர முடியும் என்றால் வரட்டும், பார்க்கலாம். மலை தெரியும் என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள்.

குளிர்காலத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சில விடியற்காலைகளில் மூடுபனி இறங்கும். பனிக்கு மேலே கோபுரங்களின் தலை மட்டும் மிதக்கும் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை நம்பி காலை டிக்கெட் எடுத்தால், பனி 124ஆம் மாடியையும் சேர்த்து மூடிவிட்ட நாளில் நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர்தான். மூத்தவர்களோடு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இங்கே சனி, ஞாயிறு வார விடுமுறை; வெள்ளி அரை நாள். 2022இலிருந்து இப்படித்தான். உங்களுக்கு லீவு கிடைத்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். டிசம்பர் 31ஐ மறந்தே விடுங்கள். வாணவேடிக்கைக்காகப் பிற்பகலிலிருந்தே சாலைகளை மூட ஆரம்பித்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு: இதில்தான் எல்லாம்

நான் செய்த தவறு இதில்தான். அப்பா முதல்முறை வந்தது ஒரு ஜனவரி நடுவில். சூரியன் மறையும் நேரம் 5:50. நான் 5:30 ஸ்லாட் எடுத்தேன், இருபது நிமிடம் இருக்கிறதே என்று. டிக்கெட்டில் போட்டிருப்பது வாசலில் நுழையும் நேரம். மேலே போய் நிற்கும் நேரம் வேறு. பாதுகாப்புச் சோதனை, நடை, வரிசை, லிஃப்ட் எல்லாம் முடிந்து நாங்கள் மேலே போனபோது மணி 6:20. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு, விளக்குகள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "லைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் கடலைப் பார்க்க வந்திருந்தார்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு: சூரியன் மறையும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முந்தைய ஸ்லாட்டை எடுங்கள். துபாயில் டிசம்பர் நடுவில் சூரியன் மறைவது சுமார் 5:30க்கு. ஜனவரி கடைசியில் 6 மணி. மார்ச் கடைசியில் 6:30. ஜூன் கடைசியில் 7:15க்கு ஒட்டி. செப்டம்பர் கடைசியில் 6:10க்குள். அப்படியானால் டிசம்பரில் 4 மணி ஸ்லாட், மார்ச்சில் 5 மணி ஸ்லாட். வரிசையில் நாற்பது நிமிடம் போனாலும் பகல் வெளிச்சத்தில் ஊரைப் பார்க்க அரை மணிக்கு மேல் கிடைக்கும். அப்புறம் சூரியன் மறைவது, அப்புறம் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவது. ஒரே டிக்கெட்டில் மூன்று காட்சி.

மாலை நேரத்துக்குக் கட்டணம் அதிகம், அதுவும் கொஞ்ச நஞ்சமாக இல்லை. காலைக் கட்டணத்தோடு ஒப்பிட்டு யோசிக்க வேண்டிய அளவுக்கு வித்தியாசம் வரும். ஐந்தாறு பேர் போகிறீர்கள், கை கடிக்கிறது என்றால் காலை 9 மணியை ஒட்டி எடுங்கள். சூரியன் கிழக்கே, பாலைவனப் பக்கம் இருக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கடல் மேல் விழும். கடலின் நிறத்தைப் பார்க்க மாலையைவிட அதுதான் நல்ல நேரம். உச்சி வெயில் நேரத்தைத் தவிருங்கள். நிழலே இல்லாமல் ஊர் தட்டையாகத் தெரியும்.

சூரிய அஸ்தமனம் என்று சொன்னதும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உயரத்தில் நிற்பவருக்குச் சூரியன் தாமதமாக மறையும். 124ஆம் மாடியில் இந்த வித்தியாசம் சுமார் 3 நிமிடம். கதைக்காகச் சொல்லவில்லை, 2011 ரமலானில் துபாயின் தலைமை முஃப்தி இதற்கென்றே வழிகாட்டுதல் கொடுத்தார். இந்தக் கட்டடத்தில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், 150க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடம். கீழே மஃரிப் (அந்தி நேரத் தொழுகை) பாங்கு சொல்லி முடிந்த பிறகும் மேலே இருப்பவர் கண்ணுக்குச் சூரியன் இருக்கும். நீங்கள் மேலே நிற்கும்போது கைப்பேசியில் அஸ்தமன நேரத்தைப் பாருங்கள். நேரம் கடந்துவிட்டிருக்கும், ஆனால் சிவப்பு வட்டம் இன்னும் கடல்மேல் நிற்கும்.

டிக்கெட்டை இணையத்தில், அதிகாரபூர்வ தளத்திலேயே, சில நாட்கள் முன்பே எடுத்துவிடுங்கள். மாலை ஸ்லாட்டுகள் முதலில் தீரும். 4 வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்; வயதுக்குச் சான்று கையில் இருந்தால் நல்லது.

போய்ச் சேர்வது

நுழைவாயில் கட்டடத்தின் அடியில் இருக்கும் என்று நினைத்து வெளியே சுற்றுகிறவர்கள் நிறைய பேர். வழி துபாய் மாலுக்குள்ளே, கீழ்த்தளத்தில் இருக்கிறது.

மெட்ரோவில் வந்தால் சிவப்புத் தடத்தில் புர்ஜ் கலீஃபா / துபாய் மால் நிலையம். நிலையத்திலிருந்து மாலுக்கு ஏ.சி. போட்ட நடைபாலம், சுமார் 800 மீட்டர். நகரும் பாதைகள் இருக்கின்றன, ஆனாலும் இடையிடையே நடக்கத்தான் வேண்டும். பாலம் முடிந்ததும் மாலுக்குள் இன்னொரு நடை. நான் தனியாகப் போனால் பதினைந்து நிமிடம். அம்மாவோடு போனால் முப்பத்தைந்து. இந்தப் பயணத்திலேயே காலுக்கு அதிக வேலை இந்த நடைதான். மேலே போனபின் நிற்பதுகூட இவ்வளவு இல்லை. நடக்க முடியாதவர் இருந்தால் டாக்சியில் மால் வாசலுக்கே வந்துவிடுங்கள். மாலின் தகவல் மேசையில் சக்கர நாற்காலி கேட்கலாம். அம்மாக்கள் "எனக்கெதுக்கு அதெல்லாம், நான் நடப்பேன்" என்பார்கள். கூடவே தள்ளிக்கொண்டு போங்கள், பாதி வழியில் அவர்களே உட்காருவார்கள்.

மெட்ரோவில் இன்னொன்று. ரயிலின் ஒரு முனையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான பகுதி இருக்கிறது. அவசரத்தில் குடும்பமாக அதில் ஏறிவிட்டால் ஆண்களுக்கு அபராதம். நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்புக் குறி போட்டிருக்கும், பார்த்து நில்லுங்கள். ரயிலில் பிஸ்கட், வாட்டர் பாட்டில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள்.

காரில் வருபவர்களுக்கு: 2024 ஜூலையிலிருந்து மாலின் முக்கியமான வாகன நிறுத்தங்கள் சாலிக் (துபாயின் சாலைச் சுங்க) கணக்கில் கட்டணத்துக்கு மாறிவிட்டன. வார நாளில் முதல் 4 மணி நேரம் இலவசம், வார இறுதியில் 6 மணி நேரம். ஸபீல் பகுதி நிறுத்தத்துக்கு அப்போது கட்டணம் போடவில்லை, ஆனால் அங்கிருந்து நடை அதிகம். எந்தத் தளத்தில், எந்த எண்ணில் விட்டீர்கள் என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, குடிநீர், கேமரா முக்காலி (ட்ரைபாட்), பெரிய பை எதுவும் மேலே எடுத்துப் போக முடியாது. மூத்தவர்கள் மாத்திரையை இறங்கும் நேரத்தோடு கணக்குப் போட்டு முன்பே போட்டுக்கொள்ளட்டும். வரிசையில் நிற்பதற்கு முன் கழிவறைக்குப் போய்விட்டு வருவது நல்லது.

லிஃப்ட்

வினாடிக்கு 10 மீட்டர். 124 மாடியும் ஒரு நிமிடத்தில். இரண்டு அடுக்குக் கூண்டு என்பதால் உங்கள் காலடியில் இன்னொரு கூட்டமும் ஏறிக்கொண்டிருக்கும். உள்ளே விளக்கை மங்கலாக்கிப் படம் ஓட்டுவார்கள், அசைவே தெரியாது. காது மட்டும்தான் சொல்லும். 450 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்துவிடும். அதனால் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். இதை அம்மாவிடம் கதவு மூடும் முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, என் சித்தி பாதி வழியில் பயந்து என் கையைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. கைக்குழந்தை இருந்தால் ஏறும்போது பால் குடித்துக்கொண்டிருப்பது நல்லது.

மேலே: எதை, எந்தப் பக்கம் பார்ப்பது

மேலே போனதும் எல்லோரும் முதலில் தெரிகிற கண்ணாடிக்கு ஓடுவார்கள். நீங்கள் ஒரு சுற்று மெதுவாக நடந்துவிட்டு, அப்புறம் நில்லுங்கள். 124இல் வெளிமாடமும் இருக்கிறது, காற்று முகத்தில் படும்.

வடமேற்கே கடல். நேர் கீழே ஷேக் ஸாயித் சாலை, அதற்கப்பால் ஜுமைராவின் தாழ்ந்த வீடுகள், கடலுக்குள் உலக வரைபடம்போல் கொட்டிய மணல் தீவுகள். தென்மேற்கே பாய்மர வடிவ ஹோட்டலான புர்ஜ் அல் அரபும் அதற்குப் பின்னால் பனை வடிவச் செயற்கைத் தீவான பாம் ஜுமைராவும். பனை வடிவம் முழுதாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர், சாய்வாகத்தான் தெரியும். டிசம்பரில் சூரியன் இறங்குவது ஏறத்தாழ இந்தப் பக்கம்தான், புர்ஜ் அல் அரபுக்குச் சற்று வலப்புறம். ஜூனில் இன்னும் வடக்கே நகர்ந்து நேராகக் கடலில் விழும். இடம் பிடிக்க வேண்டுமென்றால் இதை வைத்துப் பிடியுங்கள்.

கிழக்கே ராஸ் அல் கோரின் சதுப்பு நிலம் ஒரு பச்சைத் திட்டாகத் தெரியும். குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குகிற இடம் அது. வடகிழக்கே க்ரீக் என்கிற கடற்கழி, விமான நிலையம், அதற்கப்பால் ஷார்ஜா.

மாலையில் எல்லோரும் சூரியன் பக்கமே கூடியிருப்பார்கள். அப்போது எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். கட்டடத்தின் நிழல் ஊர் மேல் விழுந்து கிடக்கும், ஒரு கறுப்பு முள்ளைப்போல. டிசம்பரில் அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பு அது 8 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, விமான நிலையத்தை நோக்கிக் கிடக்கும். நுனி மங்கித்தான் இருக்கும். ஆனால் பார்க்கப் பார்க்க அது வீடுகள் மேல் ஊர்வது கண்ணுக்கே தெரியும். எனக்கு அஸ்தமனத்தைவிட இதுதான் பிடிக்கும்.

அப்புறம் கண்ணாடியை ஒட்டி நேர் கீழே பாருங்கள். கட்டடம் மூன்று சிறகாகப் பிரிந்து, ஒவ்வொரு சிறகும் வெவ்வேறு உயரத்தில் படிபோல நின்றுவிடுவது தெரியும். நடுத்தண்டை மூன்று சிறகும் மூன்று பக்கம் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. உயரம் போகப் போக உருவம் மாறிக்கொண்டே போவதால் காற்று ஒரே தாளத்தில் மோதி ஆட்ட முடியாது. ஏட்ரியன் ஸ்மித் வரைந்த வடிவம், பில் பேக்கர் போட்ட கட்டுமானக் கணக்கு.

என் அப்பா கொத்தனார். நாற்பது வருடம் சாந்துச் சட்டியோடு வாழ்ந்தவர். இரண்டாம் முறை, சரியான நேரத்துக்கு அழைத்து வந்தபோது, கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுவரோரம் போய் விரல் மடக்கித் தட்டினார். "இவ்ளோ உசரத்துக்குக் கலவைய எப்படிப்பா ஏத்துனாங்க? பாதி வழியிலயே இறுகிடாதா?"

நல்ல கேள்வி, அதுதான் இந்தக் கட்டடத்தின் பெரிய சிக்கலும். குழாயில் அழுத்தம் கொடுத்து 600 மீட்டருக்கும் மேலே கலவையை ஏற்றினார்கள். கோடையில் பகல் சூட்டில் இறுகிவிடும் என்று இரவில்தான் ஊற்றினார்கள், தண்ணீரோடு ஐஸ் கலந்து. அடியில் 192 தூண்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம், மண்ணுக்குள் 50 மீட்டர் ஆழம். 2004இல் தொடங்கி, 2010 ஜனவரி 4ஆம் தேதி திறந்தார்கள். சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். "ராத்திரி கான்க்ரீட்டா... நம்ம ஊருலயும் சித்திரையில விடியறதுக்குள்ள போட்டுருவோம்" என்றார். அதைச் சுமந்து, ஊற்றி, கம்பி கட்டியவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். மேலே நிற்கும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

படம் எடுப்பதில் ஒரே எதிரி கண்ணாடியில் விழும் பிம்பம். கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், ஃபிளாஷை அணையுங்கள், சுற்றிலும் கையால் மறையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் இரவுப் படத்தில் ஊரைவிடச் சட்டைதான் தெரியும். வெளிமாடத்தில் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, லென்ஸை அங்கே வையுங்கள். அங்கிருக்கும் படக்காரர்கள் எடுக்கும் படத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயமில்லை.

கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மேலிருந்து நீங்கள் வசிக்கும் இடம் எந்தப் பக்கம், அதன் பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நான் அப்போது ஸத்வாவில் ஒரு அறையில் இருந்தேன். அது இங்கிருந்து நேர் வடக்கே மூன்று கிலோமீட்டர்தான். அம்மா கண்ணாடியில் விரல் வைத்து, "இந்தா, இந்த வெள்ளக் கட்டடத்துக்குப் பின்னாலயா?" என்று கேட்டு, அந்த விரலை எடுக்காமலே நின்றார். இத்தனை வருடம் தொலைபேசியில் மட்டும் கேட்ட இடம் அவருக்கு அன்றுதான் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

இறங்குவது

சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்கக் கிளம்புவார்கள். நீங்கள் அரை மணி நேரம் தாமதியுங்கள். வரிசையும் குறையும், விளக்குகளும் முழுதாக ஏறியிருக்கும். கீழே நீரூற்று ஆடுவதை மேலிருந்து ஒருமுறை பார்க்கலாம். ஆனால் அங்கே அது கோலப்பொடி சிதறினாற்போலச் சின்னதாகத்தான் இருக்கும், இசையும் கேட்காது. இறங்கி வந்து ஏரிக்கரையில் நின்று பாருங்கள். மாலையில் அரை மணிக்கு ஒரு ஆட்டம். கரையில் முண்டியடிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் நீரூற்றும் கட்டடமும் சேர்ந்து கண்ணில் விழும்.

இந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்ப்பதும் தனி அனுபவம். மேலே ஏறினால் ஊரே தெரியும், இது மட்டும் தெரியாது. அதற்கு இன்னொரு நாள் ஸபீல் பூங்காவில் இருக்கும் துபாய் ஃபிரேமுக்குப் போங்கள். 150 மீட்டர்தான், செலவும் வெகு குறைவு. புர்ஜ் கலீஃபாவும் பழைய துபாயும் எதிரெதிர்ப் பக்கம் தெரியும்.

சாப்பாட்டுக்கு மாலுக்குள் சுற்ற வேண்டாம். மெட்ரோ ஏறி புர்ஜுமானில் இறங்கினால் கராமா நடக்கிற தூரம். சுடச்சுட இட்லியும் சாம்பாரும் கிடைக்கும். பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் அதுதான் வேண்டியிருக்கும். ரயில் நள்ளிரவு வரை ஓடுகிறது. ஏறியதும் வலப்பக்க ஜன்னலோரம் நில்லுங்கள். நிலையத்தை விட்டு நகர்ந்த சில வினாடிகளுக்கு, அடியிலிருந்து நுனி வரை கட்டடம் முழுதாகத் தெரியும்.